அக்காவுக்குக் கிரீம், தங்கைக்கு ஜெல்: மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மெனோபாஸ் கிளினிக்

செங்கோட்டையில் கொல்லம் பஸ் ஏறினால் புளியரை எஸ் வளைவில் எப்படியும் ஒரு கல் லாரி மறித்துக்கொண்டு நிற்கும். போன மார்கழியில் லாரிகளோடு ஐயப்பமார் வேன்களும் சேர்ந்துகொண்டன. ஆரியங்காவு தாண்டுவதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. ஜன்னலோரம் நான் குளிருக்கு முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் தங்கை பழைய பேப்பரை மடித்து விசிறிக்கொண்டே வந்தாள். கழுத்தும் முந்தானையும் நனைந்திருந்தன. "எக்கா, அந்தக் கண்ணாடியத் தள்ளி விடேன்" என்று அவள் சொல்ல, முன்சீட்டுச் சாமி திரும்பி முறைத்தார்.

நாங்கள் கிளம்பிய காரணத்தில் பாதி அது. அவளுக்கு 51 வயது, தீட்டு நின்று இரண்டு வருஷம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திகுதிகுவென்று அனல் ஏறும். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். தையல் கடை வைத்திருக்கிறாள். தூக்கமில்லாமல் ஒரு கல்யாண பிளவுஸில் இடக் கையை வலப் பக்கம் வைத்துத் தைத்துவிட்டு அழுதிருக்கிறாள்.

மறு பாதிக் காரணம் நான். 62 வயது. 47-லேயே எனக்கு நின்றுவிட்டது. அனல் எல்லாம் எப்போதோ ஓய்ந்துபோயிற்று. என் பிரச்சினை நீர்க்கடுப்பு. ஒரு வருஷத்தில் ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் உள்ளூரில் ஒரு டாக்டர் யூரின் பார்த்து, ஆன்டிபயாடிக் எழுதி, "வயசானா அப்படித்தாம்மா, தண்ணி நெறயக் குடிங்க" என்பார். குடித்தேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் மாளிகைப்புறமாகச் சபரிமலைக்குப் போனபோது நீலிமலை ஏற்றத்தில் சரணம் சொன்னதைவிட கழிப்பறை எங்கே என்று கேட்டதுதான் அதிகம்.

நவம்பரில், அதாவது 2025-இல், அமெரிக்காவில் மருந்துகளைக் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ., மெனோபாஸுக்கு, அதாவது தீட்டு நிற்கும் பருவத்துக்குக் கொடுக்கும் ஹார்மோன் மருந்துகளின் அட்டையில் இருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையைப் பெரும்பாலும் எடுக்கச் சொன்ன செய்தி வந்தது. அது எங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்து சேரும்போது "ஹார்மோன் மாத்திரை போட்டால் இளமை திரும்பும், மறதி வராது, எலும்பு இரும்பாகும்" என்று வளர்ந்திருந்தது. அந்த 'மறதி வராது' என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் அம்மா கடைசி ஆறு வருஷம் என்னை அவளுடைய சின்ன நாத்தனார் என்று நினைத்துக்கொண்டுதான் பேசினாள். சரி, போய்க் கேட்டுவிடலாம் என்று கிளம்பினோம்.

இடம் புனலூர் தாண்டி ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் போடவில்லை, ஏன் என்பது பில் பகுதி வரும்போது தெரியும். செவ்வாய்க்கிழமை மட்டும் மெனோபாஸ் கிளினிக் என்று தனியாக நடக்கிறது. கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலத்தை எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது என்பதால் பயணத்துக்கு நான் குறை சொல்ல மாட்டேன்.

முதலில் வரவேற்பு மேசை. மிக மோசம். போர்டெல்லாம் மலையாளமும் ஆங்கிலமும். எங்கள் பக்கத்து ஆட்கள் இத்தனை பேர் வருகிற இடத்தில் தமிழில் ஒரு அம்புக்குறி கிடையாது. (எங்கள் ஊரே 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடுதான், என் தாத்தா மலையாளத்தில் பத்திரம் வாசிப்பார், எனக்குப் பேசத்தான் தெரியும்.) மேசையிலிருந்த பிள்ளை நாங்கள் வாயைத் திறப்பதற்குள் 'வெல்னெஸ் பேக்கேஜ்' என்று ஒரு அட்டையை நீட்டியது. ஹார்மோன் ரத்தப் பரிசோதனைகள் ஆளுக்கு 2,800 ரூபாய், எடுத்துவிட்டுத்தான் டாக்டரைப் பார்க்க வேண்டுமாம். நான் 34 வருஷம் தபால் ஆபீஸ் சேமிப்புக் கவுண்டரில் உட்கார்ந்தவள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அவசரப்படுத்தினால் கையெழுத்துப் போடக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கட்டினேன். தங்கை ஏற்கெனவே கையை நீட்டி ஊசிக்கு உட்கார்ந்துவிட்டாள்.

டோக்கன் 11. கூப்பிட இரண்டரை மணி நேரம் ஆனது. நடுவில் கேன்டீன் போனோம். கட்டன் சாயாவும் பழம்பொரியும். பழம் உள்ளே வெண்ணெயாகக் குழைந்து, மாவு மெல்லிசாக. அந்த மருத்துவமனையில் முழு மதிப்பெண் வாங்க வேண்டிய ஆள் அந்த அடுப்படியில்தான் இருக்கிறார்.

இனி டாக்டர்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்களைச் சேர்ந்தே உள்ளே கூப்பிட்டார். மலையாளம் கலந்த தமிழ். முதல் ஐந்து நிமிஷம் பேனாவை எடுக்கவே இல்லை. கடைசித் தீட்டு எந்த வருஷம், கர்ப்பப்பை இருக்கிறதா எடுத்தாச்சா, வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் உண்டா, காலில் ரத்தம் கட்டியதுண்டா, பிரஷர், ஒற்றைத் தலைவலி. அப்புறம் என்னைப் பார்த்து, "வீட்டுக்காரரோட சேரும்போது வலியுண்டோ அம்மா?" என்றார். தங்கை பக்கத்தில்! நான் மேஜை மேலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு "அதெல்லாம் எப்பவோ விட்டாச்சு" என்றேன். "வலிச்சதால விட்டதா, வேண்டாம்னு விட்டதா?" இந்தக் கேள்வியை 62 வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. தங்கை சட்டென்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள், அவளுக்கு விவஸ்தை உண்டு.

பரிசோதித்துவிட்டு, உள்ளே தோல் காகிதம் மாதிரி மெலிந்திருக்கிறது, நீர்க்கடுப்புக்கு மூலம் அதுதான் என்றார். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கும் வரை அந்த இடத்தில் நல்ல பாக்டீரியா ஒன்று குடியிருந்து புளிப்புத் தன்மையைக் காப்பாற்றும். தயிரில் இருக்கும் அதே லாக்டோபேசில்லஸ் குடும்பம். ஹார்மோன் வற்றியதும் அது காலி செய்துவிட, கெட்ட கிருமிகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. உறை போட மோர் இல்லாத வீட்டில் பால் கெட்டுப்போவது மாதிரி என்று நான் சொன்னேன். சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்.

"அப்போ எனக்கு மாத்திரை தாங்க" என்றேன். வாட்ஸ்அப்பையும் காட்டினேன்.

"அம்மைக்கு மாத்திரை வேண்டா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. தங்கைக்குத் தரப் போகிறார் என்று அவர் பேச்சிலேயே தெரிந்துவிட்டிருந்தது. அவளுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? கேட்டேன். அதற்கு அவர் கொடுத்த இருபது நிமிஷத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்று ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்கள். பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத சும்மா மாத்திரை. 2002 ஜூலையில் பாதியிலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடியது என்று உலகம் முழுக்கப் பேப்பரில் வந்து, பெண்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள். டாக்டர்கள் பலரும் எழுதுவதை விட்டார்கள்.

சதவீதம் என்றதுமே எனக்குக் கவுண்டர் புத்தி வந்துவிட்டது. ஏஜென்டுகள் சதவீதம் சொன்னால் "எவ்வளவு ரூபாய்க்கு?" என்று கேட்டே பழக்கம். "எத்தனை பேருக்கு 26?" என்றேன். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. 10,000 பெண்கள் ஒரு வருஷம் எடுத்துக்கொண்டால்: மார்பகப் புற்றுநோய், சும்மா மாத்திரைக்காரர்களில் 30 பேர், ஹார்மோன்காரர்களில் 38. பக்கவாதம் 21, 29. நுரையீரலில் ரத்தக்கட்டி 8, 16. மாரடைப்பு மாதிரி இதய நோய் 30, 37. எதிர்ப் பக்கம், இடுப்பெலும்பு முறிவு 15-லிருந்து 10 ஆகக் குறைந்தது, பெருங்குடல் புற்றுநோய் 16-லிருந்து 10. எழுதி முடித்து, கீழே கோடு போட்டு, "இவங்களோட சராசரி வயசு என்னன்னு கேக்கலியே?" என்றார்.

63.

என் வயது. பேப்பரைப் பார்த்துப் பயந்தவர்களோ பெரும்பாலும் ஐம்பதை ஒட்டியவர்கள். 2007-இல் அதே கணக்கை, தீட்டு நின்று எத்தனை வருஷம் ஆனது என்று பிரித்துப் போட்டார்கள். நின்று பத்து வருஷத்துக்குள் ஆரம்பித்தவர்களுக்கு இதய நோய் கூடவில்லை. இருபது வருஷம் கடந்தவர்களுக்குத்தான் தெளிவாகக் கூடியது. இளசான ரத்தக்குழாய்க்கு ஈஸ்ட்ரோஜன் நல்லதே செய்யலாம், ஏற்கெனவே கொழுப்புப் படிந்த குழாயில் அந்தப் படிவை அசைத்துவிடலாம் என்று விளக்கம் சொல்கிறார்கள். அதனால்தான் 60 வயதுக்குள் அல்லது நின்று பத்து வருஷத்துக்குள் தொடங்குவதென்றால் தொடங்கு என்கிறார்கள். எச்சரிக்கைக் கட்டத்தை எடுக்கச் சொன்ன அதே எஃப்.டி.ஏ.வும் இந்த வயதுக் கணக்கை விடவில்லை. ஆக அந்த ஆராய்ச்சியின் பயம் தங்கையைவிட என்னைப் பற்றியதுதான். பேப்பரில் வந்த அந்தப் பயத்தை நான் இத்தனை நாளும் அவளுக்குச் சொல்லி அவளைத் தடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டும் மாத்திரை கேட்டு வந்து உட்கார்ந்திருந்தேன்.

"மறதி?" என்றேன், விடாமல்.

அதே ஆராய்ச்சியில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை மட்டும் எடுத்துப் பார்த்ததில், 10,000 பேருக்கு வருஷத்தில் 22 பேருக்கு வந்த மறதி நோய், மாத்திரை போட்டவர்களில் 45 பேருக்கு வந்தது. இரண்டு மடங்கு. அம்மாவை நினைத்துத்தான் நான் வந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. ஆனாலும் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

இந்த வயதுக் கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. தபால் துறை ஆயுள் காப்பீட்டிலும் இதே விதிதான். 55 வயது தாண்டினால் புதிதாகச் சேர்க்க மாட்டோம், ஆனால் நேரத்தில் சேர்ந்தவர் பாலிசியைத் தொடரலாம். ஹார்மோனிலும், ஐம்பதில் தொடங்கியவர் அறுபது ஆனதும் அன்றைக்கே நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்பதில்லையாம். வருஷா வருஷம் டாக்டரோடு உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். தங்கை இதைக் கேட்டுவிட்டு, "ஐயப்பன் ஐம்பதுன்னு கணக்கு வச்சிருக்கார், டாக்டர் அறுபதுன்னு வச்சிருக்காங்க. எக்கா, உனக்கு மலைதான், எனக்கு மருந்து" என்றாள். டாக்டருக்குப் பாதிதான் புரிந்தது என்றாலும் சிரித்தார்.

எனக்கு எழுதியது எஸ்ட்ரியால் கிரீம், ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை. உள்ளே மட்டும் வைப்பது. இரண்டு வாரம் தினமும் ராத்திரி, அப்புறம் வாரத்துக்கு இரண்டு தடவை. ரத்தத்தில் சேருவது மிகக் கொஞ்சம், அதனால் மாத்திரையின் கணக்கு இதற்குப் பொருந்தாது, வயது வரம்பும் இல்லை. ஒரு நர்ஸ் பிளாஸ்டிக் பொம்மையை வைத்து ஊசிக்குழல் மாதிரியான அந்தக் கருவியை எப்படிப் பிடிப்பது என்று மூன்று தடவை செய்து காட்டி, என்னையும் செய்ய வைத்தார். அந்தப் பொறுமைக்கு அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் கூட்டித் தரலாம்.

எலும்பு அடர்த்தி ஸ்கேனும் எடுத்தார்கள், டாக்டர் எழுதிக் கொடுத்து. முதுகெலும்பில் டி ஸ்கோர், அதாவது இளவயது எலும்போடு ஒப்பிட்டுப் போடும் மதிப்பெண், மைனஸ் 2.6. மைனஸ் 2.5-ஓ அதற்குக் கீழேயோ போனால் எலும்புத் தேய்மான நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்) என்று பெயர். இதற்காக இந்த வயதில் ஹார்மோன் தேவையில்லை, தனி மருந்து இருக்கிறது என்று வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டுவிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காப்பி கூடாது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காப்பி மணம் வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பது இருக்கிறதே, அது ஒரு விரதம்.

தங்கைக்கு ஈஸ்ட்ரடையால் ஜெல், அதுவும் ஈஸ்ட்ரோஜன்தான். அவளுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு, பிரஷரும் எல்லையில் நிற்கிறது. மாத்திரையாக விழுங்கினால் கல்லீரல் வழியாகப் போய் ரத்தம் உறையும் பொருள்களைக் கூட்டும், தோல் வழியாகப் போனால் அந்தச் சுற்று இல்லை என்பதால் ஜெல். கர்ப்பப்பை இருப்பதால் ராத்திரி ஒரு புரோஜெஸ்ட்ரோன் கேப்ஸ்யூல் கட்டாயம். ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுத்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துப் புற்றுநோய் வரை போகலாம். இதை டாக்டர் இரண்டு தடவை சொன்னார், ஏனென்றால் "கேப்ஸ்யூல் போட்டா தூக்கம் வருது" என்று அதை மட்டும் விட்டுவிடுகிறவர்கள் உண்டாம். ஆரம்பிப்பதற்கு முன்பே மேமோகிராம் எடுத்துப் பார்த்தார். எங்கள் அத்தை ஒருத்திக்கு மார்பகப் புற்றுநோய் இருந்ததைச் சொன்னோம். அது ஒன்றே தடையில்லை, உங்களுக்கே வந்திருந்தால் கொடுக்க மாட்டேன் என்றார். மறுபடி எப்போதாவது ரத்தம் பட்டால் அன்றே ஃபோன் செய்ய வேண்டும்.

நான் சுத்த சைவம் என்பதால் ஜெல் எதில் செய்கிறார்கள் என்றும் கேட்டேன். சோயா மாதிரிச் செடிச் சரக்கில் தொடங்கிச் செய்கிறார்களாம். அமெரிக்காவில் 1942-இல் வந்த பிரபலமான பழைய மாத்திரை பிரெமரின். சினைக் குதிரையின் மூத்திரத்திலிருந்து எடுப்பது. தங்கை முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பில் விஷயம். டாக்டர் எங்கள் ஹார்மோன் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து, "இது எதுக்கு?" என்றார். 62 வயதில் தீட்டு நின்று பதினைந்து வருஷம் ஆனவளுக்கு ஹார்மோன் குறைந்திருக்கிறதா என்று பார்க்க ரத்தம் வேண்டியதில்லை. 51 வயதில் அனல் அடிக்கிறவளுக்கும் வேண்டியதில்லை. சீட்டில் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் மேசையில் காட்டினால், 'எடுத்த பரிசோதனைக்குப் பணம் திரும்பாது'. இரண்டு பேருக்கும் சேர்த்து 5,600 ரூபாய். டாக்டர் கட்டணம் 500, அதை இரட்டித்தால்கூட மனமாரக் கொடுத்திருப்பேன். எழுதிக் கொடுத்தேன், இரண்டு தடவை ஃபோன் செய்தேன், மூன்று வாரம் கழித்து என்னுடையதை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். தங்கையுடையது வரவில்லை. உள்ளே இப்படி ஒரு டாக்டரை வைத்துக்கொண்டு வாசலில் இப்படி ஒரு மேசையை எதற்கு வைக்கிறார்களோ.

மருந்து வாங்குவதும் லேசில்லை. செங்கோட்டையில் கிடைக்காமல் தென்காசியில் இரண்டு கடை ஏறி இறங்கி, சொல்லிவைத்து மூன்றாம் நாள் வாங்கினேன். கடைப் பையன் கிரீமின் பெயரை வாசித்துவிட்டுப் பழுப்புக் கவருக்குள் இன்னொரு பழுப்புக் கவர் போட்டுக் கொடுத்தான். உள்ளே இருந்த துண்டுத் தாளில் பக்கவாதம், புற்றுநோய், ரத்தக்கட்டி என்று வரிசையாக. டாக்டர் அதைப் பற்றி முன்பே சொல்லியிருக்காவிட்டால் குழாயைத் திறந்தே இருக்க மாட்டேன். தங்கையின் ஜெல் விலை கொஞ்சம் கடிக்கிறது. ஒரு பாட்டிலை மாதக் கணக்கில் நீட்டிப் பார்க்க முயன்று திட்டு வாங்கினாள்.

இப்போது பங்குனி. கிரீம் முதல் மாதம் ஒன்றும் செய்த மாதிரித் தெரியவில்லை. ஆறாவது வாரத்தில்தான் ராத்திரி எழுந்து போவது மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்தது கவனத்துக்கு வந்தது. நீர்க்கடுப்பு இதுவரை வரவில்லை. தங்கைக்கு அனல் நாளைக்கு ஒன்றோ இரண்டோ. தூக்கம் வந்துவிட்டது. ஜெல்லைத் தொடையில் தடவிவிட்டு அது காயும் வரை பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பேத்தி ஓடி வந்து கட்டிக்கொள்ளாமலிருக்கக் கதவைச் சாத்திக்கொண்டு. ஆரம்பத்தில் மார்பு கனத்தது, ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது.

போகிறவர்களுக்கு: செவ்வாய்க்கிழமை மட்டும்தான். திங்கள் சாயங்காலம் ஃபோன் செய்து டோக்கன் போட்டால் 5-க்குள் கிடைக்கும். நாங்கள் நேரில் போய்ப் போட்டதால்தான் 11. கடைசித் தீட்டு வந்த வருஷத்தை வீட்டிலேயே நினைவுபடுத்தி எழுதி எடுத்துப் போங்கள், பழைய ஸ்கேன் இருந்தால் அதையும். மேசையில் அட்டையை நீட்டினால் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து கட்டுகிறோம் என்று சொல்லுங்கள். பழம்பொரி பதினொரு மணிக்கு மேல்தான் சூடாகப் போடுகிறார்கள்.